இரண்டு மேசைக்கரண்டி பால்சமிக் டிரெஸ்ஸிங்கில் என்ன இருக்கிறது

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் கணவரின் இரத்தப் பரிசோதனையில், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 என்று வந்தது. சர்க்கரை நோய் என்று சொல்லிவிடும் அளவு அது இல்லை, 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அதை முன்நீரிழிவு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். உணவு ஆலோசகர் ஒருவர் தந்த ஒரு பக்கத் தாளில், இரவு உணவுக்கு நேராக, பச்சைக் காய்கறி சாலட்டை பால்சமிக் டிரெஸ்ஸிங்குடன் சாப்பிடவும் என்று ஒரே ஒரு வரி இருந்தது. பால்சமிக் என்ற இத்தாலியத் திராட்சை வினிகரைப் பெரும்பாலும் எண்ணெயோடு கலந்து சாலட்டின் மேல் ஊற்றுவதுதான் இந்த டிரெஸ்ஸிங். எந்த டிரெஸ்ஸிங், எவ்வளவு டிரெஸ்ஸிங் என்று அதில் இல்லை, நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. நியூ ஜெர்சியில் நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில் இத்தகைய புட்டிகளுக்கென்றே நீளமான ஒரு வரிசை உண்டு. அதில் கொழுப்பு அறவே இல்லை என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த ஒரு பால்சமிக் புட்டியை எடுத்துவந்து, ஏறத்தாழ ஓர் ஆண்டு முழுவதும் அதையே ஊற்றிச் சாப்பிட்டோம். அந்த ஓர் ஆண்டை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது. நல்லது செய்கிறோம் என்ற முழு நம்பிக்கையோடு, காய்கறியில் இருந்த சத்தில் ஒரு பெரும் பங்கை நாங்களே வீணாக்கிக்கொண்டிருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்வதற்காக நான் படித்ததையும், சமையலறைத் தராசை வைத்துக்கொண்டு போட்ட கணக்கையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் வினிகரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பால்சமிக் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன, அவற்றின் சத்து அளவும் ஒன்றல்ல. இத்தாலியின் வடபகுதியில் உள்ள எமிலியா-ரோமாஞா வட்டாரத்தின் மோதெனா, ரெஜ்ஜோ எமிலியா என்ற இரு மாவட்டங்கள்தான் இதன் பிறப்பிடம். அங்கே பாரம்பரிய முறையில் செய்யப்படும் வினிகருக்கு, சுண்டக் காய்ச்சிய திராட்சைச் சாற்றைத் தவிர வேறு மூலப்பொருளே கிடையாது. அந்தச் சாற்றை ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரி, ஜூனிபர் போன்ற பலவகை மரங்களால் ஆன, ஒன்றைவிட ஒன்று சிறியதாக வரிசையாக வைக்கப்பட்ட பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் மாற்றி மாற்றி ஊற்றி, குறைந்தது 12 ஆண்டுகள் முதிர வைக்கிறார்கள். மிகப் பழையது என்ற சிறப்புப் பெயரைப் பெற வேண்டுமானால் 25 ஆண்டுகள் ஆக வேண்டும். மோதெனாவின் பாரம்பரிய வினிகர் 100 மில்லிலிட்டர் கொண்ட உருண்டை அடிப்புட்டியில்தான் விற்கப்படுகிறது. அந்தப் புட்டியை வடிவமைத்தவர், கார்களின் வடிவமைப்புக்குப் பெயர்பெற்ற ஜோர்ஜெத்தோ ஜுஜாரோ. இந்த இரு மாவட்டங்களின் பாரம்பரிய வினிகருக்கும் 2000ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பிடப் பாதுகாப்பு வழங்கியது. பாகு போல் கெட்டியாக இருக்கும் இதில் இனிப்பு மிக அதிகம், ஆனால் இதைச் சொட்டுச் சொட்டாகத்தான் பயன்படுத்துகிறார்கள்: பார்மிஜானோ பாலாடைக்கட்டியின் மேல் இரண்டு சொட்டு, ஸ்ட்ராபெரியின் மேல் மூன்று சொட்டு. இதை எண்ணெயோடு அடித்துக் கீரையில் ஊற்ற யாருக்கும் மனம் வராது.

நம் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் இரண்டாவது வகையான மோதெனா பால்சமிக் வினிகர். 2009இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த வகையில், காய்ச்சிய அல்லது செறிவூட்டிய திராட்சைச் சாறு குறைந்தது 20 சதவீதமும், ஒயின் வினிகர் குறைந்தது 10 சதவீதமும் இருக்க வேண்டும், கூடவே பத்து ஆண்டுகளுக்குக் குறையாத பழைய வினிகரும் சிறிது சேர வேண்டும் என்பது விதி. நிறத்துக்காக அதிகபட்சம் 2 சதவீதம் வரை காராமல் சேர்க்கலாம். மரப் பாத்திரங்களில் 60 நாள் இருந்தால் போதும்; மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்தால் முதிர்ந்தது என்று புட்டியில் எழுதிக்கொள்ளலாம். அமிலத்தன்மை 6 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. புட்டியின் பின்புறத்தில் மூலப்பொருள்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததற்கு என்ற வரிசையில்தான் எழுத வேண்டும் என்பதால், அந்த வரிசையே நமக்குப் பெரிய தகவல். ஒயின் வினிகர் முதலில் இருந்தால் அது நீர்த்ததாகவும் புளிப்பு மிகுந்ததாகவும் இருக்கும். திராட்சைச் சாறு முதலில் இருந்தால் கெட்டியாகவும் இனிப்பாகவும் இருக்கும், சர்க்கரையும் அதற்கேற்ப ஏறும். மூன்றாவது வகை எந்தக் குறியீடும் இல்லாமல், பால்சமிக் என்ற சொல்லை மட்டும் தாங்கி வருவது. பால்சமிக் என்ற சொல் தனியாக நிற்கும்போது அதற்குப் பாதுகாப்பு இல்லை என்று 2019 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே டிரெஸ்ஸிங் புட்டியின் முகப்பில் அந்தச் சொல் இருக்கிறது என்பதை வைத்து உள்ளே இருக்கும் வினிகரின் தரத்தைப் பற்றி எதையும் நாம் முடிவுசெய்ய முடியாது.

இனி சத்துக் கணக்கு. அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுச் சத்துப் பட்டியலில், 100 கிராம் பால்சமிக் வினிகருக்கு 88 கலோரி, மாவுச்சத்து 17 கிராம், அதில் சர்க்கரை மட்டும் சுமார் 15 கிராம், புரதம் அரை கிராம், கொழுப்பு சுழியம், சோடியம் 23 மில்லிகிராம் என்று இருக்கிறது. சர்க்கரையில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஏறக்குறையச் சரிபாதி. இந்த 15 கிராம் என்ற எண்ணைப் பார்த்து நான் முதலில் திடுக்கிட்டேன், ஏனென்றால் 100 கிராம் பச்சைத் திராட்சையைத் தின்றாலும் ஏறத்தாழ அதே அளவு சர்க்கரைதான் உள்ளே போகிறது. நாக்கில் புளிப்பு முந்திக்கொள்வதால் இனிப்பின் அளவு நமக்கு உறைப்பதில்லை. ஆப்பிள் சைடர் வினிகரில் 100 கிராமுக்கு 21 கலோரிதான், சர்க்கரை அரை கிராம்கூட இல்லை. வெள்ளை வினிகரில் 18 கலோரி. அது முழுவதும் அசெட்டிக் அமிலத்திலிருந்து வருவது. பால்சமிக்கின் 88 கலோரியிலும் ஏறத்தாழ அதே அளவு அமிலத்தின் பங்கு, மீதி எல்லாம் திராட்சையின் பங்கு என்று கொண்டால் கணக்கு சரியாக வருகிறது.

ஆனால் நாம் வினிகரை 100 கிராமாகக் குடிப்பதில்லை. ஒரு மேசைக்கரண்டி பால்சமிக் வினிகரின் எடை 16 கிராம். அதில் 14 கலோரியும் இரண்டரை கிராமுக்குச் சற்றுக் குறைவான சர்க்கரையும் உள்ளன. பொட்டாசியம், இரும்பு, மெக்னீசியம் எல்லாம் இருப்பதாக இணையத்தில் பட்டியல் போட்டு எழுதுகிறார்கள். இருப்பது உண்மைதான், ஆனால் ஒரு மேசைக்கரண்டியில் உள்ள பொட்டாசியம் சுமார் 18 மில்லிகிராம். வளர்ந்த ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 2600 மில்லிகிராமும் ஆணுக்கு 3400 மில்லிகிராமும் போதுமான அளவு என்று அமெரிக்காவில் வகுத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு முன்னால் இந்தப் 18 எந்த மூலைக்கு? திராட்சைத் தோலிலிருந்து வரும் பாலிஃபீனால்களும், சாற்றைக் காய்ச்சும்போது உண்டாகும் மெலனாய்டின் என்ற பழுப்பு நிறப் பொருள்களும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் தன்மை கொண்டவை. அவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் கரண்டிக் கணக்கில் உண்ணும் ஒரு பொருளை மருந்து போல் நம்பிவிடக் கூடாது என்பது என் திடமான கருத்து.

டிரெஸ்ஸிங் என்று வரும்போது வினிகர் பெயரளவுக்குத்தான் தலைவன். உண்மையில் அந்தக் கிண்ணத்தை ஆள்வது எண்ணெய். பிரெஞ்சு, இத்தாலியச் சமையல் வழக்கத்தில் மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு வினிகர் என்பது பொது விதி. பால்சமிக்கில் புளிப்பை இனிப்பு தணித்துவிடுவதால், இரண்டு பங்கு எண்ணெயே போதுமென்று நான் கண்டேன். என் அளவு இதுதான்: எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் 6 மேசைக்கரண்டி, பால்சமிக் வினிகர் 3 மேசைக்கரண்டி, டிஜோன் கடுகு விழுது 1 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, பொடித்த மிளகு. கடுகு விழுதைச் சுவைக்காக மட்டும் சேர்ப்பதில்லை; எண்ணெயும் வினிகரும் உடனே பிரிந்துவிடாமல் சற்று நேரம் கலந்து நிற்க வைப்பது அதுதான். இதில் எண்ணெயின் எடை 81 கிராம், அதற்கு 716 கலோரி. வினிகரின் எடை 48 கிராம், அதற்கு 42 கலோரி. கடுகு விழுது சேர்ந்து மொத்தம் 760 சொச்சம். இதை இரண்டு மேசைக்கரண்டி கொண்ட பரிமாறும் அளவுகளாகப் பிரித்தால், ஓர் அளவுக்கு ஏறத்தாழ 170 கலோரி வருகிறது. அதில் வினிகரின் பங்கு பத்துக்கும் குறைவு.

அதே இரண்டு மேசைக்கரண்டியில் கொழுப்பு 18 கிராம். அந்த 18இல் 13 கிராம் ஒலியிக் அமிலம் முதன்மையாக உள்ள ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு, இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் பன்மை நிறைவுறாக் கொழுப்பு, இரண்டரை கிராம் நிறைவுற்ற கொழுப்பு. சர்க்கரை ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல். சோடியம் 150 மில்லிகிராம் அளவு. வைட்டமின் ஈ இரண்டரை மில்லிகிராம். ஒரு நாளைக்குத் தேவையான 15 மில்லிகிராமில் இது ஆறில் ஒரு பங்கு. வைட்டமின் கே சுமார் 11 மைக்ரோகிராம். புரதமும் நார்ச்சத்தும் இல்லை என்றே கொள்ளலாம்.

170 கலோரி என்ற எண்ணைக் கண்டதும் என் கணவர் அந்தக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். லெட்யூஸ், பாலக்கீரை, தக்காளி, வெள்ளரிக்காய், கொஞ்சம் கேரட் என்று கால் கிலோ காய்கறியை நறுக்கிப்போட்டாலும் அறுபது கலோரியைத் தாண்டாதபோது, அதன் மேல் ஊற்றும் இரண்டு கரண்டி திரவம் அதைப்போல் மூன்று மடங்கா என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்கான பதிலைத் தேடும்போதுதான் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தேன். பாலக்கீரை, ரோமெய்ன் லெட்யூஸ், செர்ரி தக்காளி, கேரட் ஆகியவற்றைக் கொண்ட சாலட்டை ஒரே ஆட்களுக்கு மூன்று விதமான டிரெஸ்ஸிங்குடன் வெவ்வேறு நாள்களில் கொடுத்திருக்கிறார்கள்: ஒன்றில் எண்ணெய் சுழியம், ஒன்றில் கனோலா எண்ணெய் 6 கிராம், ஒன்றில் 28 கிராம். பிறகு அவர்களுடைய இரத்தத்தில், காய்கறிகளுக்கு நிறம் தரும் கரோட்டினாய்டு என்ற சத்து எவ்வளவு சேர்ந்தது என்று அளந்து பார்த்தார்கள். எண்ணெயே இல்லாத டிரெஸ்ஸிங்கைச் சாப்பிட்டபோது கரோட்டினாய்டு ஏறக்குறைய உறிஞ்சப்படவே இல்லை. 6 கிராம் எண்ணெயில் ஓரளவு உறிஞ்சப்பட்டது. 28 கிராமில் அதைவிட நன்றாகவே உறிஞ்சப்பட்டது. ஆய்வில் பங்கேற்றவர்கள் சிலரே என்றாலும், அதன் அடிப்படை உடலியலில் ஐயத்துக்கு இடமில்லை. கேரட்டின் பீட்டா கரோட்டின், தக்காளியின் லைகோபீன், கீரையின் லூட்டீன், வைட்டமின் கே எல்லாம் கொழுப்பில் கரைபவை. குடலில் கொழுப்பு இருந்தால்தான் அதைச் செரிக்கப் பித்தநீர் தாராளமாகச் சுரந்து, இவற்றையும் சேர்த்து நுண்துளிகளாக்கி உள்ளே அனுப்புகிறது.

நாங்கள் ஓர் ஆண்டு கொழுப்பற்ற டிரெஸ்ஸிங்கை ஊற்றி, வேறு எந்த எண்ணெயும் நெய்யும் சேராத அந்த இரவு உணவில், கிண்ணம் கிண்ணமாகக் கேரட்டும் கீரையும் சாப்பிட்டோம். என் வருத்தத்தின் காரணம் இதுதான். நார்ச்சத்தும் வைட்டமின் சியும் கிடைத்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிவப்பும் பச்சையும் எதற்காகப் புகழப்படுகின்றனவோ அந்தச் சத்து வந்த வழியே போயிருக்கும். எங்கள் ஊர்ப்பக்கம் கேரட் கோசுமல்லி செய்யும்போது எலுமிச்சம்பழம் பிழிந்த கையோடு எண்ணெயில் கடுகு தாளித்துக் கொட்டுவார்கள். ஊறவைத்த பாசிப்பருப்பையும் தேங்காய்த் துருவலையும் அதில் சேர்ப்பார்கள். புளிப்பும் கொழுப்பும் பச்சைக் காய்கறியில் சேரும் அதே அமைப்புதான் அது என்பதை இத்தாலியப் புட்டியின் வழியாகச் சுற்றிவந்து நான் உணர்ந்தேன்.

எண்ணெய் வேண்டும் என்றால் எந்த எண்ணெய் என்பது அடுத்த கேள்வி. ஒலியிக் அமிலம் 70 சதவீதத்துக்குக் குறையாத எண்ணெய்களை நாளொன்றுக்கு 20 கிராம், அதாவது ஒன்றரை மேசைக்கரண்டி, நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாகச் சாப்பிட்டால் இதய நோய் ஆபத்து குறையக்கூடும் என்ற வாசகத்தை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 நவம்பரில் அனுமதித்தது. சான்றுகள் ஆதரவாக உள்ளன, ஆனால் முடிவானவை அல்ல என்ற நிபந்தனையும், மொத்தக் கலோரி கூடக் கூடாது என்ற நிபந்தனையும் அதில் உண்டு. ஆலிவ் எண்ணெயின் பாலிஃபீனால்கள் இரத்தக் கொழுப்பை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்க உதவுகின்றன என்ற வாசகத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் அனுமதித்தது. அங்கேயும் அளவு நாளொன்றுக்கு 20 கிராம்தான். என் வீட்டு டிரெஸ்ஸிங்கில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்தால் 18 கிராம் எண்ணெய் என்பது இந்த அளவுக்கு மிக நெருங்கி வருகிறது. வேண்டுமென்று அமைத்ததல்ல அந்த விகிதம்; ஆனாலும் அது எனக்கு நிறைவளித்தது.

கடைப் புட்டிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் இருப்பவை அவைதான். ஒருநாள் மாலை அந்தக் கடை வரிசையில் நின்று, பால்சமிக் என்று பெயர் கொண்ட புட்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தேன். சாதாரண வகைகளில் பலவற்றில் மூலப்பொருள் வரிசையில் முதலிடம் தண்ணீருக்கு, இரண்டாமிடம் சோயா எண்ணெய்க்கு, அதன் பிறகுதான் பால்சமிக் வினிகர். பிறகு சர்க்கரை, உப்பு, கெட்டியாக்கும் சாந்தன் கம். எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் சேர்த்தது என்று முகப்பில் ஆலிவ் கிளை வரைந்திருந்த ஒரு புட்டியில், அந்த எண்ணெய் உப்புக்கும் பின்னால் இருந்தது. அதாவது இருந்த உப்பைவிட அதன் எடை குறைவு. இத்தகைய முகப்பைப் பார்த்து நம்பி வாங்குபவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. எழுதியது பொய் இல்லை; ஆனால் உண்மை அந்தக் கிளையின் பின்னால் மறைந்துகிடக்கிறது.

சோயா எண்ணெயைக் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி, நிறைவுற்ற கொழுப்பு இரண்டு கிராம் என்ற அளவில் அது ஆலிவ் எண்ணெயை ஒட்டியே வருகிறது. பன்மை நிறைவுறாக் கொழுப்பு அதில் எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவாக, அதாவது ஆலிவைப் போல் ஐந்து மடங்குக்கு மேல், இருக்கிறது. வெண்ணெய்க்குப் பதிலாக அதைச் சேர்த்தால் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் குறையும் என்பது நிலைபெற்ற செய்தி. கரோட்டினாய்டை உறிஞ்சச் செய்யும் வேலையையும் அது செய்துவிடும். ஆலிவின் பாலிஃபீனால்கள்தாம் அதில் இல்லை. ஆலிவுக்கு உரிய விலையைக் கொடுத்துவிட்டு சோயாவைப் பெறுவதுதான் எனக்கு உடன்பாடில்லாதது.

தண்ணீர் முதலிடத்தில் இருப்பதால், இத்தகைய சாதாரணப் புட்டியில் இரண்டு மேசைக்கரண்டிக்கு 80 முதல் 100 கலோரிதான் இருந்தது. வீட்டில் செய்வதைவிடக் குறைவு. லைட் என்று எழுதியவற்றில் அதில் ஏறத்தாழ பாதி. ஆனால் எண்ணெய் குறையக் குறைய வாய்க்கு வழவழப்பும் சுவையும் குறைகின்றன. அந்த இடத்தைச் சர்க்கரையையும் உப்பையும் பசைப்பொருள்களையும் கொண்டு நிரப்புகிறார்கள். நாங்கள் ஓர் ஆண்டு சாப்பிட்ட கொழுப்பற்ற புட்டியில் இரண்டு மேசைக்கரண்டிக்கு 30 கலோரி, 6 கிராம் சர்க்கரை, 330 மில்லிகிராம் சோடியம் என்று அச்சிட்டிருந்தது. இரண்டு மேசைக்கரண்டி என்பது 30 மில்லிலிட்டர். நாங்கள் ஊற்றியது எவ்வளவு என்று அறிய, வழக்கம்போல் சாய்த்து ஊற்றுமாறு என் கணவரிடம் சொல்லி, சாலட்டுக்குப் பதிலாக அளவுக் கோப்பையை நீட்டினேன். ஐந்து மேசைக்கரண்டி விழுந்தது. கொழுப்பு இல்லை என்ற துணிவில் கை தாராளமாகிவிடுகிறது. அந்த அளவுக்கு 15 கிராம் சர்க்கரை, 825 மில்லிகிராம் சோடியம். முன்நீரிழிவு உள்ள ஒருவர், இனிப்பு என்று தாம் நினைத்தே பார்க்காத ஓர் உணவில், ஏறத்தாழ நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையை இரவுதோறும் சேர்த்துக்கொண்டிருந்தார். பழத்திலும் பாலிலும் இயல்பாக இருப்பது நீங்கலாக, வெளியிலிருந்து சேரும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. செறிவூட்டிய பழச்சாற்றின் சர்க்கரையும் இந்த 25க்குள் அடங்கியதுதான்.

சோடியமும் அப்படியே. ஒரு நாள் முழுவதற்கும் 2000 மில்லிகிராமுக்குக் குறைவாக, உப்பாகச் சொன்னால் 5 கிராமுக்குள், இருக்க வேண்டும் என்பது அதே நிறுவனத்தின் அறிவுரை. ரசமும் சாம்பாரும் ஊறுகாயும் உண்ணும் நம் வீட்டில் அந்த அளவு மதியத்துக்குள்ளேயே நெருங்கிவிடுகிறது. பால்சமிக் வினிகரில் இயல்பாக உள்ள சோடியம் ஒரு மேசைக்கரண்டிக்கு 4 மில்லிகிராம்தான். ஆகவே புட்டியில் உள்ள முந்நூறும் அதற்கு மேலும் எல்லாம் சேர்த்த உப்பு. வினிகரின் புளிப்பு இருக்கும்போது நாக்கு உப்பை அவ்வளவாகக் கேட்பதில்லை என்பதால், வீட்டில் செய்யும்போது கால் தேக்கரண்டியையும் பாதியாகக் குறைத்துப் பார்த்தேன். சுவையில் பெரிய குறை தெரியவில்லை.

வினிகர் சாப்பிட்டால் சர்க்கரை குறையும் என்று உறவினர்கள் அனுப்பும் செய்திகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாவுச்சத்து நிறைந்த உணவோடு வினிகரைச் சேர்த்தால், சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் ஓரளவு தணிகிறது என்று சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வயிற்றிலிருந்து உணவு மெதுவாக இறங்குவது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்த ஆய்வுகளில் கொடுக்கப்பட்டது பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி அளவு சாதாரண வினிகர். என் டிரெஸ்ஸிங்கின் இரண்டு மேசைக்கரண்டியில் இருப்பதோ முக்கால் மேசைக்கரண்டிக்கும் குறைவான, அதுவும் சர்க்கரை கலந்த வினிகர். அதனிடமிருந்து அந்தப் பலனை எதிர்பார்த்து மாத்திரையின் அளவில் யாரும் கைவைத்துவிடக் கூடாது. என் கணவரின் எச்பிஏ1சி அடுத்த ஆண்டு 5.8 ஆனது, ஆனால் அதே காலத்தில் அவர் நடக்கத் தொடங்கியிருந்தார், இரவில் சோற்றை விட்டிருந்தார். டிரெஸ்ஸிங்கை மாற்றியதற்கு அதில் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது நேர்மையாகாது.

பால்சமிக் கிளேஸ் என்ற பெயரில் பிதுக்கும் புட்டியில் வரும் கெட்டிப் பாகை வினிகர் என்று எண்ணி டிரெஸ்ஸிங்கில் சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். அதில் பல நேரங்களில் குளுக்கோஸ் பாகும் ஸ்டார்ச்சும் கலந்திருக்கும், இனிப்பு வினிகரைவிடப் பல மடங்கு. ஆஸ்துமா உள்ளவர்கள் சிலருக்குச் சல்ஃபைட் என்ற பதனப்பொருள் ஒத்துக்கொள்ளாது. ஒயின் வினிகரின் வழியாக அது பால்சமிக்கிலும் இருக்கக்கூடும் என்பதால் லேபிளில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்க்கலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும், வைட்டமின் கேயால் வலிமை மாறும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்கு எண்ணெயின் வைட்டமின் கேயைவிடக் கீரையின் வைட்டமின் கே மிகப் பெரிது. எதையும் திடீரென்று கூட்டாமலும் குறைக்காமலும் ஒரே சீராக உண்ண வேண்டும் என்பதை அவர்களுடைய மருத்துவரே சொல்லியிருப்பார்.

சாலட்டைப் பற்றி இத்தாலியர்களிடம் ஒரு பழமொழி உண்டு: உப்புப் போட ஒரு ஞானி வேண்டும், வினிகர் ஊற்ற ஒரு கஞ்சன் வேண்டும், எண்ணெய் ஊற்ற ஒரு வள்ளல் வேண்டும், கலக்க ஒரு பைத்தியக்காரன் வேண்டும். இவற்றில் வள்ளலின் இடத்தில் மட்டும் நான் அளவுக் கரண்டியை வைத்திருக்கிறேன். கடைப் புட்டியை நிறுத்தி வீட்டில் செய்யத் தொடங்கிய முதல் வாரத்தில் அதே பழைய கைவாக்கில் ஐந்து மேசைக்கரண்டி ஊற்றினோம். அது 425 கலோரி, ஒரு வேளை உணவுக்கே சமம். இப்போது ஒருவருக்கு இரண்டு மேசைக்கரண்டி, அதற்கு மேல் இல்லை. அது போதாது என்று தோன்றினால் காரணம் பெரும்பாலும் கீரையில் ஒட்டியிருக்கும் ஈரம்தான். கழுவிய இலைகளைத் துணியில் புரட்டி நன்றாக உலர்த்திவிட்டால் டிரெஸ்ஸிங் வழுக்கி அடியில் தேங்காமல் ஒவ்வோர் இலையிலும் பிடித்துக்கொள்கிறது. தட்டில் ஊற்றாமல் பெரிய கிண்ணத்தில் போட்டுக் கையால் புரட்ட வேண்டும். வெளியில் சாப்பிடும்போது டிரெஸ்ஸிங்கைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்கி, அதிலிருந்து கரண்டியால் எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு வாரத்துக்கு வேண்டியதை ஞாயிற்றுக்கிழமை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டுக் குலுக்கி, குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். குளிரில் ஆலிவ் எண்ணெய் உறைந்து மஞ்சள் கட்டியாக நிற்கும். அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல, கால் மணி நேரம் வெளியே வைத்தால் இளகிவிடும். பூண்டை மட்டும் ஜாடிக்குள் போடுவதில்லை. எண்ணெயில் மூழ்கிய பச்சைப் பூண்டு நாள்கணக்கில் கிடந்தால், காற்றில்லாத அந்த இடத்தில் பொட்டுலிசம் என்ற கடும் நச்சு நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் வளர வாய்ப்புண்டு. ஆகவே சாப்பிடும் அன்று ஒரு பல்லை நசுக்கிக் கிண்ணத்தின் உட்புறம் தேய்த்துவிட்டு, அதன் மேல் இலைகளைப் போடுகிறேன்.